அதிர்ஷ்டசாலியும் கொடுத்துவைத்தவரும் ஒன்றா?

கேள்வி இதுதான்: “அதிர்ஷ்டம் என்றால் உண்மையில் என்ன? சிலரை அதிர்ஷ்டசாலி என்கிறோம், சிலரைக் கொடுத்துவைத்தவர் என்கிறோம். இரண்டும் ஒன்றுதானா? அதிர்ஷ்டத்தை நாமாக வரவழைத்துக்கொள்ள முடியுமா? ஒருவருடைய வெற்றிக்கு அதிர்ஷ்டம்தான் காரணம் என்று சொன்னால், அவர் உழைப்பைக் குறைத்துப் பேசியதாக ஆகாதா?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிர்ஷ்டம் என்று நாம் பெரும்பாலும் குறிப்பிடுவது ஒரு நிகழ்ச்சியை. இன்ன நாளில், இன்ன இடத்தில் நடந்தது என்று சுட்டிக்காட்ட முடியும். கொடுத்துவைத்தவர் என்று சொல்லும்போது குறிப்பிடுவது ஒரு நிலைமையை. அது என்றைக்குத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. நெடுங்காலமாக அப்படியே இருந்துகொண்டிருக்கும். நிகழ்ச்சி கண்ணில் படும், மனதில் நிற்கும், நாலு பேரிடம் சொல்லத் தோன்றும். நிலைமை, அதை அனுபவிக்கிறவர் கண்ணுக்கே படாது. நம்மில் பெரும்பாலோரைத் தாங்கிப் பிடித்திருப்பது இந்த இரண்டாவதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

சுடோமு யமகுச்சி என்ற ஜப்பானியப் பொறியாளரிடமிருந்து தொடங்குகிறேன். 1945இல் அவருக்கு வயது 29. மிட்சுபிஷி நிறுவனத்தில் வேலை. அலுவல் நிமித்தமாக ஹிரோஷிமாவுக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கியிருந்தவர், ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில் ஆகஸ்ட் 6 அன்று காலை அணுகுண்டு விழுந்தது. குண்டு வெடித்த இடத்துக்கும் அவருக்கும் சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம். செவிப்பறை கிழிந்தது, உடம்பின் இடப்பக்கம் வெந்துபோனது. இரவை அங்கேயே கழித்துவிட்டு மறுநாள் சொந்த ஊருக்குப் புறப்பட்டார். சொந்த ஊர் நாகசாகி. ஆகஸ்ட் 9 அன்று காயக்கட்டுகளோடு வேலைக்குப் போய், ஒரே குண்டில் ஒரு நகரமே அழிந்ததை மேலதிகாரியிடம் விவரித்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது குண்டு வெடித்தது. அங்கேயும் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரம்தான். அதிலும் பிழைத்தார். இரண்டு குண்டுவீச்சுகளுக்கும் ஆளானவர் என்று ஜப்பான் அரசு 2009இல் அவரை முறைப்படி அங்கீகரித்தது. 2010 ஜனவரியில், 93ஆவது வயதில் காலமானார்.

இவரை அதிர்ஷ்டசாலி என்பதா, துரதிர்ஷ்டசாலி என்பதா? இரண்டு கிலோமீட்டர் முன்னால் நின்று சாம்பலானவர்களோடு வைத்துப் பார்த்தால் இவரைப்போல அதிர்ஷ்டசாலி இல்லை. அன்றைக்கு உலகத்தில் வேறெந்த ஊரிலோ இருந்த ஒருவரோடு வைத்துப் பார்த்தால் இவரைப்போலக் கெட்ட நேரம் யாருக்கும் வந்ததில்லை. நடந்தது மாறவில்லை, நாம் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் மாறுகிறது. நடந்ததன் பக்கத்தில், நடந்திருக்கக்கூடிய இன்னொன்றை நிறுத்திப் பார்க்கும்போதுதான் அதிர்ஷ்டம் என்ற எண்ணமே வருகிறது.

நார்வே உளவியலாளர் கார்ல் ஹல்வோர் டெய்கன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். உங்கள் வாழ்க்கையில் நடந்த அதிர்ஷ்டமான சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், ஜனங்கள் சொல்பவற்றில் இன்பமான சம்பவங்கள் குறைவு என்று அவர் கண்டார். விபத்து, நோய், விழுந்து எழுந்தது, மயிரிழையில் தப்பியது, இவைதான் அதிகம். நம் மொழியில் இதற்குக் கச்சிதமான ஒரு சொலவடையே இருக்கிறது: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. தலைப்பாகை போனது நஷ்டம்தான். ஆனாலும் பெருமூச்சு விட்டு ‘நல்லவேளை’ என்கிறோம். எவ்வளவு கிடைத்தது என்பதைவிட, கெட்டது எவ்வளவு கிட்டத்தில் வந்து விலகியது என்பதை வைத்தே மனம் அதிர்ஷ்டத்தை அளக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை ஆராய்ந்த மூன்று உளவியலாளர்கள், வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் அதிக மகிழ்ச்சியோடு தெரிந்ததாக 1995இல் எழுதினார்கள். வெள்ளிக்காரர் கண்ணில் நழுவிப்போன தங்கம் நிற்கிறது. வெண்கலக்காரர் கண்ணில், பதக்கமே இல்லாமல் திரும்பியிருக்கக்கூடிய நான்காவது இடம் நிற்கிறது. அந்த மூவரில் ஒருவர் பெயர் தாமஸ் கிலோவிச். அவர் இந்தப் பதிலில் மறுபடியும் வருவார்.

இனி, அதே ஆகஸ்ட் 9 காலையில் இன்னோர் ஊர். விமானம் புறப்பட்டபோது அதன் முதல் இலக்கு நாகசாகி அல்ல, கொக்குரா. அங்கே பெரிய ஆயுதக் கிடங்கு இருந்தது. ஆனால் மேகமும் புகையும் ஊரை மூடியிருந்தன. இலக்கைக் கண்ணால் பார்த்துத்தான் குண்டைப் போட வேண்டும் என்பது உத்தரவு. விமானம் மூன்று முறை வட்டமடித்துப் பார்த்தது; இலக்கு தெரியவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டிருந்ததால் இரண்டாவது இலக்கான நாகசாகிக்குத் திரும்பிவிட்டது. 11 மணி 2 நிமிடத்துக்குக் குண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே இறந்தவர்கள் சுமார் 70,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

கொக்குராவில் அன்று காலை வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வானத்தில் விமானச் சத்தம் கேட்டிருக்கலாம். பிறகு அது ஓய்ந்திருக்கும். அவள் ‘நல்லவேளை’ என்று சொல்லவில்லை. சொல்வதற்கு அவளுக்கு எதுவுமே நடக்கவில்லை. யமகுச்சிக்காவது தான் தப்பியது தெரியும். இவளுக்கு, தப்ப வேண்டிய ஒன்று தலைக்கு மேல் மூன்று முறை சுற்றிவிட்டுப் போனதே தெரியாது. தனக்கே தெரியாமல் பெரிய அழிவிலிருந்து தப்புவதை ஜப்பானில் ‘கொக்குராவின் அதிர்ஷ்டம்’ என்று சொல்கிறார்கள்.

கொடுத்துவைத்தவர் என்பதற்கு இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. அவருக்கு நடந்தது எதையும் சுட்டிக்காட்ட முடியாது. நடக்காதவற்றின் பட்டியல்தான் நீளம். அந்தப் பட்டியலோ அவர் கைக்கு வருவதேயில்லை.

நல்ல நேரமும் நல்வாழ்வும் வேறுவேறு என்று கிரேக்கர்களும் நினைத்திருக்கிறார்கள். லிடியா நாட்டு அரசன் குரோசஸ் தன் கருவூலத்தைச் சுற்றிக்காட்டிவிட்டு, உலகிலேயே பாக்கியசாலி யார் என்று ஏதென்ஸ் நகரத்து அறிஞர் சோலோனைக் கேட்டதாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். (இந்தச் சந்திப்பு உண்மையில் நடந்திருக்குமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. சொல்லப்பட்ட விஷயம் அதனால் கெடவில்லை.) சோலோன் அரசன் பெயரைச் சொல்லவில்லை. மனித ஆயுள் 70 ஆண்டு என்று வைத்து, அதை 26,250 நாட்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அவற்றில் எந்த ஒரு நாளும் இன்னொரு நாளைப்போல இருப்பதில்லை. ஆகவே ஒருவன் சாகிறவரை அவனைப் பாக்கியசாலி என்று சொல்லாதே, அதிர்ஷ்டக்காரன் என்று மட்டும் சொல் என்கிறார். பிற்பாடு குரோசஸ் நாட்டை இழந்து பாரசீகத்துச் சைரஸிடம் சிறைப்பட்டான்.

சோலோன் சொன்னதில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். ஒரு நாளின் ஆதாயத்தை வைத்து வாழ்க்கையை எடைபோடக் கூடாது என்பது சரி. ஆனால் பாக்கியத்தைக் கடைசி மூச்சில்தான் கணக்குப் பார்க்க முடியும் என்பது சரியாகப் படவில்லை. பாக்கியத்தில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே, நாம் பிறக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

பெனிசிலினை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 செப்டம்பரில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து லண்டன் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது, ஒரு தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்ததையும் அதைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் அழிந்திருந்ததையும் பார்த்தார். அதிர்ஷ்டக் கதைகளிலேயே பிரபலமான கதை இது. எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்ததை. ஃப்ளோரி, செயின் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர், அந்தப் பூஞ்சணத்திலிருந்து கிடைக்கும் பெனிசிலின் மருந்தை முதன்முதலில் ஒரு நோயாளிக்கு முறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் ஒரு போலீஸ்காரர். தொற்று முற்றி, முகமெல்லாம் சீழ் வைத்து, ஒரு கண்ணையே எடுத்திருந்தார்கள். ஊசி போட்ட ஒரே நாளில் தேற ஆரம்பித்தார். காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. ஆனால் உலகத்தில் அப்போது இருந்த பெனிசிலின் மிகக் கொஞ்சம். அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே போட்டார்கள். அதுவும் தீர்ந்துபோனது. நோய் திரும்பி வந்தது. மார்ச் மாதம் இறந்துவிட்டார்.

மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து அதே மருந்து லட்சக்கணக்கில் உற்பத்தியானது. இன்றைக்கு அதே மாதிரித் தொற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர், வேளை தவறாமல் அதைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்த மாத்திரை ஒரு நிகழ்ச்சியாக அவர் வாழ்க்கைக்குள் வரவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே வந்து அவருக்காகக் காத்திருந்தது. ஃபிளெமிங்குக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். இவருக்குக் கிடைத்திருப்பது கொடுப்பினை. போலீஸ்காரருக்கு இரண்டும் கிடைக்கவில்லை. அவர் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை, நான்கு ஆண்டு முந்திவிட்டார்.

நிலைமை ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு உளவியலாளர் ஷாய் டேவிடாயும் மேலே சொன்ன கிலோவிச்சும் 2016இல் ஒரு நல்ல உவமை சொன்னார்கள். சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று அடித்தால் ஒவ்வொரு மிதியிலும் தெரியும். எப்போது ஓயும் என்று காத்திருப்போம். காற்று பின்பக்கமாகத் திரும்பினால் ஒரு நிமிஷம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். பிறகு அதை மறந்துவிட்டு, நன்றாக மிதிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம். ஒரே வீட்டில் பிறந்தவர்களை அவர்கள் கேட்டபோது, அண்ணன் அக்காள்மார் தங்களிடம்தான் பெற்றோர் கறாராக இருந்தார்கள் என்றார்கள். தம்பி தங்கைகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவரவருக்கு அவரவர் எதிர்க்காற்று. இதில் பொய் எதுவுமில்லை. தடையைத் தாண்டக் கவனம் தேவை, அதனால் தடை நினைவில் பதிகிறது. உதவியைக் கவனிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எந்த நாட்டில் வாழ்கிறோம் என்பது இந்தப் பின்காற்றில் மிகப் பெரியது. உலக மக்களின் வருமானத்தில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை, அவர்கள் எந்த நாட்டில் வாழ்கிறார்கள் என்பதே விளக்கிவிடுகிறது என்று பொருளியலாளர் பிராங்கோ மிலனோவிச் காட்டியிருக்கிறார். ஒருவர் உழைப்பாளியா, கெட்டிக்காரரா என்று கேட்பதற்கு முன்பே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. நாட்டைவிடச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் வழக்கத்துக்கு மேல் அதிகம் என்று 1980களிலேயே கண்டுபிடித்தார்கள். சிறுவர் அணிகளுக்கு வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்த பையன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன், ஆனால் இருவரும் ஒரே அணி. வளர்ந்தவனாகத் தெரிகிறவன் தேர்வாகிறான். தேர்வானவனுக்கு நல்ல பயிற்சி. பயிற்சி பெற்றவன் அடுத்த தேர்விலும் ஜெயிக்கிறான். பிற்பாடு அவனிடம் கேட்டால் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்ததைத்தான் சொல்வான். அதுவும் உண்மைதான். பிறந்த மாதத்தை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

திறமையே இல்லாமல் அதிர்ஷ்டம் ஒருவரைத் தூக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. இதைச் சோதித்துப் பார்த்த அழகான ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் இணையத்தில் 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எதைத் தரவிறக்கினார்கள் என்பது தெரியாது. மீதிப் பேரை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் உலகத்திலும் அங்கே எந்தப் பாட்டு எவ்வளவு போகிறது என்று தெரியும். பாட்டுகள் அதேதான், தொடக்கமும் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்தான். ஆனாலும் ஒவ்வோர் உலகத்திலும் வெற்றிப் பட்டியல் வேறு வேறாக வந்தது. தனித்தனியாகக் கேட்டவர்கள் கணக்கில் 26ஆம் இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னொன்றில் 40ஆம் இடத்தில் கிடந்தது. மிக நல்ல பாட்டுகள் அடியோடு தோற்பது அபூர்வம். மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அபூர்வம். நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. முதலில் வந்த சில பேருடைய விருப்பம் தற்செயலாக எந்தப் பக்கம் சாய்ந்ததோ, அந்தப் பக்கமே மேலும் மேலும் சாய்ந்தது.

இப்போது, அதிர்ஷ்டத்தை வரவழைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி. உற்றுநோக்கும் துறைகளில் தற்செயல் என்பது ஆயத்தமான மனதுக்கே உதவும் என்று லூயி பாஸ்டர் 1854இல் சொன்னார். பூஞ்சணம் பிடித்த தட்டை வேறு யாராவது கழுவி வைத்திருப்பார்கள் என்பதால் அது உண்மைதான். பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன், தங்களை அதிர்ஷ்டசாலிகள் என்று நினைப்பவர்களிடமும் துரதிர்ஷ்டசாலிகள் என்று நினைப்பவர்களிடமும் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, அதில் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னார். இரண்டாம் பக்கத்திலேயே ‘எண்ணுவதை நிறுத்துங்கள், இதில் 43 படங்கள் இருக்கின்றன’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதல் வகையினர் அதைச் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். மற்றவர்கள் படங்களிலேயே குறியாக இருந்து அதைத் தவறவிட்டார்கள். கண்ணைத் திறந்து வைத்திருப்பது, நாலு பேரோடு பழகுவது, ஒன்று தோற்றால் இன்னொன்றை முயல்வது, இவையெல்லாம் நல்லது நேருவதற்கான வாய்ப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டும். ஒவ்வொரு வாய்ப்பும் எப்படி முடியும் என்பது நம் கையில் இல்லை. சூதாட்டத்தில் எண்ணிக்கையைக் கூட்டினால் நஷ்டம்தான் கூடும். 1913 ஆகஸ்டில் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல்வட்டில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனி சிவப்பு வந்தே தீரும் என்று நம்பி ஏராளமான பேர் பணத்தைக் கொட்டித் தோற்றார்கள். முந்தின சுற்றில் என்ன விழுந்தது என்று வட்டுக்குத் தெரியாது. ஒருவர் பணத்தைச் சூதில் வைக்கத் துணிவதற்கு அதிர்ஷ்டம் பற்றிய பேச்சு ஒரு காரணமாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எனக்கு உண்மையாகவே வேதனை தருகிற இடம் ஒன்று உண்டு. நடந்ததை நடந்ததாக விடாமல், ஆளின் மேல் முத்திரையாகக் குத்திவிடுகிறோம். இவர் ராசியானவர், அவர் ராசியில்லாதவர் என்கிறோம். இரண்டு கெட்டது அடுத்தடுத்து நேர்ந்த ஒரு மனுஷியைப் பார்த்து, அவள் வந்த நேரம் என்று பேசுகிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வைத்துக் காக்கைக்குத் தண்டனை கொடுக்கிறோம். இது ஏன் வருகிறது என்று உளவியலாளர் மெல்வின் லெர்னர் 1966இல் வெளியிட்ட பரிசோதனை காட்டுகிறது. ஒரு பெண் மின்சார அதிர்ச்சியால் துடிப்பதாகக் காட்டினார்கள். அவர் நடித்துக்கொண்டிருந்தார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. அதை நிறுத்த வழியில்லாதபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பெண்ணையே தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினார்கள். குற்றமில்லாதவருக்குக் கஷ்டம் வரும் என்றால் நமக்கும் வரலாமே. அந்தப் பயம் தாங்காமல், அவரிடம் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று மனம் முடிவு கட்டுகிறது. இதற்கு எதிராகத் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் ஒரு வரி உறுதியாக நிற்கிறது: ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று.’ நல்ல காலம் அமையாமல் போவது யாருக்கும் இழுக்கு அல்ல. முயற்சியை வலியுறுத்துகிற அதிகாரத்திலேயே இதைச் சொல்ல வேண்டும் என்று வள்ளுவருக்குத் தோன்றியிருக்கிறது.

நல்லவர் என்ற பெயருக்குக்கூட அதிர்ஷ்டம் தேவைப்படுகிறது. தத்துவவாதி தாமஸ் நேகல் 1970களில் இதைப் பற்றி எழுதினார். வண்டியின் பிரேக்கைச் சரிபார்க்காமல் இரண்டு பேர் ஓட்டுகிறார்கள். ஒருவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்கிறார். இன்னொருவரின் வண்டிக்கு முன்னால் ஒரு குழந்தை ஓடிவந்துவிடுகிறது. அலட்சியம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் சிறைக்குப் போகிறார், மற்றவருக்குத் தன் அலட்சியமே நினைவில் இல்லை. அப்படி வீடு போய்ச் சேர்ந்த சாயங்காலங்கள் நம் எல்லோருக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸின் வாழ்க்கையில் இது இன்னும் கொடுமையாக நேர்ந்தது. 1928இல், அவருக்கு ஏழு வயதில், தொண்டை அடைப்பான் நோய் வந்தது. அவரிடமிருந்து தம்பிக்குத் தொற்றியது. ரால்ஸ் பிழைத்தார், தம்பி இறந்துவிட்டான். அடுத்த குளிர்காலத்தில் ரால்ஸுக்கு நிமோனியா. அது இன்னொரு தம்பிக்குத் தொற்றியது. அவனும் இறந்தான், ரால்ஸ் மறுபடியும் பிழைத்தார். அது 1929, ஃபிளெமிங்கின் பெனிசிலின் கட்டுரை அச்சான வருடம். பிற்காலத்தில் ரால்ஸ் போருக்குப் போய் அதிலும் உயிரோடு திரும்பினார். 1971இல் வந்த நூலில் அவர் முன்வைத்த வாதம் இது: எந்தக் குடும்பத்தில் பிறக்கிறோம், என்ன திறமையோடு பிறக்கிறோம் என்பவை யாரும் சம்பாதித்தவை அல்ல, ஆகவே நாம் யாராகப் பிறப்போம் என்றே தெரியாத நிலையில் நின்று, என்ன சட்டதிட்டங்களை ஒப்புக்கொள்வோம் என்று யோசிக்க வேண்டும். தம்பிகள் இறந்ததால்தான் இப்படி எழுதினார் என்று நான் முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் ஒரே வீடு, ஒரே நோய், இருந்தும் ஒருவன் மட்டும் மிஞ்சுவது என்றால் என்ன என்பதை அவர் ஏழு வயதிலேயே பார்த்துவிட்டார்.

இந்த இடத்துக்கு நம் மொழியில் ஒருவர் வெகு காலம் முன்பே வந்து சேர்ந்திருக்கிறார். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டில் (192) முதல் வரியை எல்லோரும் சொல்வார்கள். கடைசி வரிகளோடு சேர்த்துப் படித்தால்தான் அது என்ன சொல்கிறது என்று முழுதாக விளங்கும். பாறையில் மோதி இரையும் பேராற்றில் நீர் போகும் வழியே தெப்பம் போவதுபோல உயிர் போகிறது என்று தெளிந்தோம். ‘ஆகலின்’ பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்று முடிக்கிறார். வாழ்க்கையில் நம் கையை மீறியது இவ்வளவு என்று ஒப்புக்கொண்டவர், எல்லாம் விதி என்று சோர்ந்து உட்காரவில்லை. அவர் கண்ட முடிவு, மற்றவர்களை எப்படி மதிப்பது என்பதைப் பற்றியது. அதிலும் இரண்டையும் சமமாக வைக்கவில்லை. வியப்பது வேண்டாம், இகழ்வது அதைவிடவும் வேண்டாம்.

அப்படியானால், வெற்றியை அதிர்ஷ்டம் என்பது அவமதிப்பா? வெளியிலிருந்து நாம் சொன்னால் பெரும்பாலும் அவமதிப்பாகத்தான் போய் விழும். போட்டி கடுமையாக இருக்கும் இடத்தில் உழைப்பும் திறமையும் இல்லாதவர் வாசலுக்கே வர முடியாது. வாசலுக்கு வந்தவர்கள் எல்லோருமே ஏறக்குறைய ஒரே தரத்தில் இருப்பதால்தான், யார் உள்ளே போகிறார் என்பதைச் சின்னஞ்சிறு தற்செயல்கள் முடிவு செய்கின்றன. இதைக் கணக்குப் போட்டு விளக்கியவர் பொருளியலாளர் ராபர்ட் ஃபிராங்க். ஆகவே ‘அவர் உழைத்தார்’ என்பதும் ‘அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது’ என்பதும் ஒரே நேரத்தில் முழு உண்மையாக இருக்கலாம். ஒன்றைச் சொன்னால் மற்றொன்று குறைந்துபோகாது.

ஃபிராங்க் இதை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்ல. 2007 நவம்பரில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது இதயத் துடிப்பு நின்று மைதானத்திலேயே சரிந்தார். எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தவர் அவருடைய நண்பர் தாமஸ் கிலோவிச், மேலே இரண்டு முறை வந்த அதே உளவியலாளர். ஓடிவந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். வழக்கமாக ஆம்புலன்ஸ் பல மைல் தள்ளி இருந்துதான் வர வேண்டும். அன்றைக்குப் பக்கத்தில் நடந்திருந்த வேறு கார் விபத்துகளுக்காக ஆம்புலன்ஸ்கள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றில் யாருக்கும் பெரிய காயம் இல்லாததால், அந்த வண்டி உடனே இவரிடம் திரும்பியது. இப்படிச் சரிந்தவர்களில் மிகச் சிலரே பிழைக்கிறார்கள். இவர் முழுதாகத் தேறி எழுந்தார்.

அதற்குப் பிறகு அதிர்ஷ்டத்தைப் பற்றி நிறைய எழுதிய அவர், உங்கள் மூன்றாவது கேள்விக்கு உதவும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். வெற்றி பெற்ற ஒருவரிடம் ‘உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது’ என்றால் அவர் முகம் இறுகும், தன் உழைப்பைக் காத்துப் பேசத் தொடங்குவார். அதற்குப் பதிலாக, ‘நீங்கள் வந்த வழியில் எங்கேயாவது அதிர்ஷ்டம் கைகொடுத்ததா?’ என்று கேட்டால் அதே மனிதர் யோசிப்பார், முகம் மலரும், ஒன்றை நினைவுகூர்ந்து சொல்வார், அது இன்னொன்றைக் கிளப்பிவிடும். ஆகவே அவரைப் பற்றி நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அவரிடமே கேளுங்கள். எந்த ஆசிரியர் கையில் போய்ச் சேர்ந்தார், யார் அந்த விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக் கொடுத்தார், எந்த வருடம் வேலைக்கு ஆள் எடுத்தார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டு போவார்.